அறுத்த சதை மறுபடி வளர்ந்தால்

வேதாரண்யம் பக்கத்து உப்பளத்தில் முப்பது வருடத்துக்கு மேல் பாத்தி கட்டி உப்பு வாரியவர் என் பெரியப்பா. அங்கே வெயில் தலைக்கு மேலிருந்து மட்டும் அடிக்காது; பாத்தியில் படிந்த வெள்ளை உப்பில் பட்டுத் திரும்பி முகத்திலும் அடிக்கும். ஐம்பது வயதைத் தாண்டியபோது அவருடைய வலது கண்ணில், கருவிழியும் வெள்ளையும் சேரும் இடத்தில், ஒரு சின்னச் சதை தெரிந்தது. "பூ விழுந்திருக்கு" என்றார்கள் சிலர். "கண்ணுல சதை வளருது" என்றார்கள் சிலர். பெரியம்மா நந்தியாவட்டைப் பூவை நீரில் போட்டு வைத்துக் கண்ணில் ஒற்றிப் பார்த்தார். ஒன்றும் குறையவில்லை. 2015இல் ஒரு மருத்துவமனையில் அதை அறுத்து எடுத்தார்கள். ஒன்றரை வருடத்தில் அதே இடத்தில் மறுபடி வந்தது. மறுபடி அறுத்தார்கள். மூன்றாவது முறை வந்தபோது ஒரு சின்னப் புள்ளியாக இல்லை. கருவிழியின் ஓரத்தில் கால்வட்டம் அளவுக்கு, வேகவைத்த ஜவ்வரிசியைத் தேய்த்துவிட்டதுபோலப் பரவியிருந்தது.

வேறு ஊரில் பார்த்த கண் டாக்டர் கேட்ட முதல் கேள்வி இது: "முன்னாடி அறுத்த சதையை பயாப்ஸிக்கு அனுப்பினாங்களா?"

எங்களில் யாருக்கும் பதில் தெரியவில்லை. பழைய சீட்டுகளைத் தேடிப் பார்த்தோம். இரண்டு முறையும் அனுப்பவே இல்லை. சாதாரணச் சதை என்று நினைத்து அறுத்ததைக் குப்பையில் போட்டிருக்கிறார்கள். மூன்றாவது முறை எடுத்துச் சோதித்தபோதுதான் அது கண்ணின் மேற்பரப்பில் வரும் புற்றுநோய் வகைக் கட்டி என்று தெரிந்தது. அந்தச் சில மாதங்களில் டாக்டர்களிடம் கேட்டும் படித்தும் நான் புரிந்துகொண்டதை, இதே நிலையில் இருக்கும் இன்னொரு குடும்பத்துக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

கண்ணின் மேல் என்ன இருக்கிறது

கண்ணின் நடுவே கறுப்பாகத் தெரியும் பகுதிக்கு முன்னால், வாட்ச் கண்ணாடி மாதிரித் தெளிவான ஒரு படலம் இருக்கிறது. அதுதான் கருவிழிப் படலம். சுற்றிலும் இருக்கும் வெள்ளையின் மேல், இமையின் உட்புறம் வரைக்கும், மெல்லிய ஈரச் சவ்வு ஒன்று போர்த்தியிருக்கிறது. இதை விழிவெண்படலம் என்பார்கள். டாக்டர்கள் வாயில் கஞ்சங்டைவா. இவை இரண்டும் சந்திக்கும் வட்டமான ஓரம்தான் லிம்பஸ். இந்த ஓரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இந்தக் கதை முழுக்க இது வரும்.

கருவிழியின் மேல்தோல் தேய்ந்துகொண்டே இருக்கும். அதற்குப் பதிலாகப் புதுச் செல்கள் வந்துகொண்டே இருக்க வேண்டும். அந்தப் புதுச் செல்களை உண்டாக்கும் மூலச் செல்கள் குடியிருப்பது லிம்பஸில்தான். நெல்லுக்கு நாற்றங்கால் எப்படியோ, கருவிழிக்கு லிம்பஸ் அப்படி. செல்கள் ஓயாமல் பிரிந்து பெருகும் இடம் என்பதால், பிசகு நேர்வதும் பெரும்பாலும் அங்கேதான். இமைகள் மூடாமல் வெயில் நேரே படும் பகுதியில், அதாவது மூக்குப் பக்கமும் காதுப் பக்கமும், லிம்பஸை ஒட்டியே இந்தக் கட்டிகள் அதிகம் வருகின்றன.

மருத்துவத்தில் இதற்குப் பெயர் ஆக்குலர் சர்ஃபேஸ் ஸ்குவாமஸ் நியோபிளேசியா. சுருக்கமாக ஓ.எஸ்.எஸ்.என். என்கிறார்கள். 1995இல் லீ, ஹர்ஸ்ட் என்ற இரு மருத்துவர்கள், அதுவரை ஆளுக்கொரு பெயரில் சொல்லிவந்த பல நிலைகளை இந்த ஒரே பெயரின் கீழ் கொண்டுவந்தார்கள். இந்தப் பெயர் ஒரே நோயைக் குறிப்பதில்லை, ஒரு வரிசையைக் குறிக்கிறது. வரிசையின் ஒரு முனையில், மேல்தோலின் சில அடுக்குகள் மட்டும் கெட்டுப்போன நிலை. நடுவில், மேல்தோல் முழுக்கக் கெட்டாலும் அதன் அடித்தளச் சவ்வைத் தாண்டாத நிலை. மறுமுனையில், அந்தத் தளத்தை உடைத்துக்கொண்டு உள்ளே இறங்கிய முழுப் புற்றுநோய். முதல் இரண்டு நிலைகளில் உடம்பின் வேறு பாகத்துக்குப் பரவாது. மூன்றாவதில் பரவலாம் என்றாலும், அங்கேயும் அது அபூர்வம்தான். டாக்டர் வாயிலிருந்து கேன்சர் என்ற சொல் வந்ததும் வீட்டில் எல்லோரும் உறைந்துபோகிறோம். எந்த நிலை என்று கேட்டுத் தெரிந்துகொண்டால் அந்தப் பயத்தில் பாதி இறங்கும்.

காரணங்களில் முதல் இடம் வெயிலின் புற ஊதாக் கதிருக்கு. விவசாயி, மீனவர், உப்பளத் தொழிலாளி, கட்டட வேலை செய்பவர் என்று நாள் முழுக்க வெளியே நிற்பவர்களுக்கு ஆபத்து கூடுதல். அடுத்தது எச்.ஐ.வி. உடம்பின் காவல் தளரும்போது இந்தக் கட்டி இளம் வயதிலேயே வருகிறது, வேகமாகவும் வளர்கிறது. ஆப்பிரிக்காவின் சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே உள்ள நாடுகளில் எச்.ஐ.வி. பரவியபோது இந்தக் கட்டிகளும் கூடவே பெருகின. அதனால் இந்தக் கட்டி வந்தவருக்கு, அதுவும் இளையவருக்கு, டாக்டர் எச்.ஐ.வி. பரிசோதனை எழுதிக்கொடுத்தால் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அது யாருடைய நடத்தையைப் பற்றிய கேள்வியும் இல்லை. எச்.ஐ.வி. இருப்பது தெரிந்து அதற்கு மருந்து ஆரம்பித்தால்தான் கண்ணில் செய்யும் மருத்துவம் நிலைக்கும். மனிதப் பாப்பிலோமா வைரஸ், சிகரெட், உறுப்பு மாற்று செய்தவர்கள் சாப்பிடும் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரைகள் ஆகியவற்றுக்கும் இதில் பங்கு இருக்கலாம். வெயிலே தாங்காத சீரோடெர்மா பிக்மென்டோசம் என்ற பிறவித் தோல் நோய் உள்ள குழந்தைகளுக்கும் இது திரும்பத் திரும்ப வரும்.

ஏன் திரும்ப வருகிறது

வயலில் கோரை முளைத்தால் என்ன செய்வோம்? மேலே அறுத்தால் நான்கு நாளில் மறுபடி தலைகாட்டும். கிழங்கு மண்ணுக்குள் இருக்கிறதே. கிழங்கைத் தோண்டி எடுத்த பிறகும் பத்தடி தள்ளி இன்னொன்று முளைக்கும். மண்ணுக்கடியில் வேர் எதுவரை ஓடியிருக்கிறது என்பது மேலிருந்து பார்த்தால் தெரியாது.

கண்ணிலும் கிட்டத்தட்ட இதுதான் நடக்கிறது. கண்ணுக்குத் தெரியும் கட்டி ஒன்று. அதைச் சுற்றி, பார்க்க நல்ல சவ்வு போலவே இருக்கும் கெட்டுப்போன செல்கள் வேறு. தெரிந்த விளிம்போடு அறுத்தால் அவை அங்கேயே தங்கிவிடும். அறுத்த துண்டின் ஓரத்தில் புற்றுச் செல் இருக்கிறதா என்று மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதைத்தான் மார்ஜின் பார்ப்பது என்கிறார்கள். 1986இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு இன்றுவரை மேற்கோள் காட்டப்படுகிறது: ஓரம் சுத்தமாக இருந்தவர்களில் சுமார் 5 சதவீதம் பேருக்கே கட்டி திரும்பியது, ஓரத்தில் செல் மிச்சமிருந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குத் திரும்பியது. பெரியப்பா விஷயத்தில் ஓரத்தைப் பார்க்க ஒரு துண்டுகூட அனுப்பப்படவில்லை. இப்போதும் அதை நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

இன்னொரு காரணம் விதைப்பு. கட்டியைத் தொட்ட அதே இடுக்கியால் பக்கத்து நல்ல சவ்வைப் பிடித்தாலோ, கட்டியின் மேல் ஊற்றிய நீர் கண் முழுக்க ஓடினாலோ, செல்கள் புது இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளலாம். அப்புறம், மூன்றாவது காரணம் மண்ணே கெட்டிருப்பது. முப்பது வருட வெயில் அந்த ஒரு புள்ளியில் மட்டும் விழவில்லை. கண்ணின் மேற்பரப்பு முழுவதிலும் விழுந்திருக்கிறது. அதனால் பழைய கட்டியோடு சம்பந்தமே இல்லாத புதுக்கட்டி இன்னொரு பக்கத்தில் முளைக்கவும் வாய்ப்பு உண்டு.

இதிலிருந்துதான் இந்த மருத்துவத்தின் மையமான எண்ணம் பிறக்கிறது. இரண்டாவது, மூன்றாவது முறை வந்த கட்டிக்கு, அந்த இடத்தை மட்டும் பார்க்காமல் கண்ணின் மேற்பரப்பு முழுவதற்கும் சேர்த்து வைத்தியம் செய்ய வேண்டும்.

திரும்ப வந்ததும் முதலில் செய்வது

எல்லாச் சதையும் கட்டியில்லை. வெயிலில் நிற்பவர்களுக்குச் சாதாரணமாக வரும் டெரிஜியம் என்ற சதை, முக்கோணமாக, கருவிழியை நோக்கிக் கூர்ந்து, ஒழுங்கான ரத்தக் குழாய்களோடு இருக்கும். அறுத்தால் அதுவும் திரும்ப வரக்கூடியதுதான். ஓ.எஸ்.எஸ்.என். சற்று மேடாக, கூழ்போலவோ, வெள்ளைப் பொருக்குடனோ, காலிஃபிளவர் போலவோ இருக்கும். அதற்குள் சுருண்டு நெளிந்த குழாய்கள் தெரியும். நம் ஊர் நிறத்தவர்களுக்கு அதன் மேல் பழுப்புப் படிவதும் சகஜம்; அதைப் பார்த்து வேறு நோய் என்று ஏமாறுவதும் உண்டு. முக்கியமாக, இரண்டும் ஒன்றின் மேல் ஒன்றாகவே வரலாம். அதனால் சதை என்று அறுப்பதையும் பேத்தாலஜிக்கு, அதாவது திசுவைச் சோதிக்கும் பிரிவுக்கு, அனுப்பிவிடுவதுதான் நல்லது. இந்த ஒரு விஷயத்தில் நான் யாரோடும் சமரசம் செய்துகொள்ள மாட்டேன்.

ஸ்லிட் லேம்ப் என்ற, கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியின் முன்னால் உட்காரவைத்து, ரோஸ் பெங்கால் அல்லது லிஸமீன் கிரீன் என்ற சாயத்தை விடுவார்கள். கெட்டுப்போன செல்கள் சாயத்தை ஏற்கும், கட்டியின் உண்மையான எல்லை அப்போது தெரியும். பெரியப்பா கண்ணில் பச்சைச் சாயம் விட்ட அன்று டாக்டர் என்னையும் பக்கத்தில் வந்து எட்டிப்பார்க்கச் சொன்னார். எங்களுக்குத் தெரிந்தது ஒரு விரல் நகத்தில் கால்வாசி. சாயம் காட்டியது அதைப்போல இரண்டு மடங்கு.

மேல் இமையைப் புரட்டி உட்புறத்தையும் பார்க்க வேண்டும். ஓ.சி.டி. என்ற ஸ்கேன் கண்ணைத் தொடாமலே சவ்வின் குறுக்கு வெட்டைக் காட்டும்: கட்டி இருக்கும் இடத்தில் மேல்தோல் திடீரென்று தடித்து வெளிறி இருக்கும், நல்ல இடத்தில் மெல்லிய கோடாக இருக்கும். மருந்தில் கட்டி கரைந்ததா, வடு மட்டும்தானா என்று பின்னாலும் இதே ஸ்கேன் சொல்லும். காதுக்கு முன்னாலும் தாடைக்குக் கீழேயும் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார்கள். கட்டி ஆழமாக ஒட்டியிருந்தால் கண்ணுக்குள் புகுந்திருக்கிறதா என்றும் தேடுவார்கள். முன்பு கண்புரை அறுவை செய்து கீறிய இடம் இருந்தால், அது உள்ளே போக வழி ஆகிவிடலாம்.

சொட்டு மருந்தே கீமோ

களை எங்கெல்லாம் ஓடியிருக்கிறது என்று தெரியாத வயலில் மருந்து தெளிப்பது போல, கண் முழுக்கப் பரவும் சொட்டு மருந்தால் வைத்தியம் செய்யலாம் என்பது 1990களில்தான் வழக்கத்துக்கு வந்தது. திரும்ப வந்த கட்டிக்கும், ஓரம் தெளிவாகத் தெரியாமல் பரவிய கட்டிக்கும், லிம்பஸில் பாதிக்கு மேல் சுற்றிய கட்டிக்கும் இன்று பல டாக்டர்கள் முதலில் எடுப்பது சொட்டு மருந்தைத்தான். மருந்துகள் மூன்று.

முதலாவது ஃபைவ் ஃப்ளூரோயூரசில், சுருக்கமாக ஃபைவ் எஃப்.யூ. பல பத்தாண்டுகளாகக் குடல் புற்றுநோய்க்கும் இன்னும் பலவற்றுக்கும் ஊசியாகப் போடப்படும் பழைய மருந்து. செல் பிரியும்போது அதன் டி.என்.ஏ. தயாரிப்பை முடக்கும், வேகமாகப் பிரியும் செல்தான் அதிகம் அடிபடும். கண்ணுக்கு 1 சதவீதக் கரைசல், ஒரு நாளைக்கு நான்கு வேளை, ஒரு வாரம். அப்புறம் மூன்று வாரம் ஓய்வு. இது ஒரு சுற்று. பெரும்பாலும் நான்கைந்து சுற்றுகளில் கட்டி கரைகிறது. விலை குறைவு, நம் நாட்டில் கிடைக்கிறது. ஆனால் கடையில் கண் சொட்டாக விற்பதில்லை. ஊசி மருந்தைக் கிருமியில்லாத முறையில் கலந்து மருத்துவமனையிலேயே தயாரித்துத் தர வேண்டும்.

இரண்டாவது மைட்டோமைசின் சி. 1994இலிருந்து இந்தக் கட்டிக்குப் பயன்படுகிறது. 0.02இலிருந்து 0.04 சதவீதம் வரை, நாளைக்கு நான்கு வேளை, ஒரு வாரம் விட்டு இரண்டு மூன்று வாரம் நிறுத்துவார்கள். மூன்றில் வேகமானதும் கடுமையானதும் இதுதான். களைக்கொல்லி பயிரையும் கருக்குவது போல இது லிம்பஸின் மூலச் செல்களையும் தாக்கலாம். கண்ணீர்த் துளையை அடைக்கலாம். ஆறாத புண் மேல் பட்டால் வெள்ளைவிழியின் சுவரையே அரித்துவிடலாம். அறுவை செய்த காயம் முழுக்க மூடிய பிறகே இதை ஆரம்பிக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

மூன்றாவது இன்டர்ஃபெரான் ஆல்ஃபா 2பி. இது நம் உடம்பே வைரஸை எதிர்க்கச் சுரக்கும் புரதத்தின் ஆய்வக வடிவம். செல்லை விஷம் வைத்துக் கொல்வதில்லை, உடம்பின் காவலைத் தட்டி எழுப்புகிறது. ஒரு மில்லியில் 10 லட்சம் யூனிட் உள்ள சொட்டை நாளைக்கு நான்கு வேளை, ஓய்வே இல்லாமல், மாதக்கணக்கில் விட வேண்டும். பெரும்பாலும் கண் எரியாது, சிவக்காது. அதுதான் இதன் பெரிய நன்மை. ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும், செலவு அதிகம். ஒழுங்காகச் சொட்டு விட முடியாதவர்களுக்குக் கட்டியின் அடியிலேயே வாரம் ஒருமுறை ஊசியாகப் போடலாம்; அன்று இரவு ஃப்ளூ போலக் காய்ச்சலும் உடம்பு வலியும் வரும், பாரசிட்டமால் போதும். எச்.ஐ.வி. போல எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு இது அவ்வளவாகக் கேட்பதில்லை, எழுப்பக் காவலே இல்லையென்றால் என்ன செய்யும்? அமெரிக்காவில் அதிகம் பயன்பட்ட இன்ட்ரான் ஏ என்ற இன்டர்ஃபெரான் மருந்தின் தயாரிப்பை நிறுவனம் சில ஆண்டுகளுக்கு முன் நிறுத்திவிட்டதால், அங்குள்ள டாக்டர்களும் இப்போது ஃபைவ் எஃப்.யூ. பக்கம் சாய்ந்திருக்கிறார்கள்.

எந்த மருந்து என்பது கட்டியை விட ஆளைப் பொறுத்தது என்று எனக்குத் தோன்றுகிறது. ஃப்ரிட்ஜ் இருக்கிறதா, நான்கு வேளையும் விட்டுவிட வீட்டில் ஆள் இருக்கிறதா, நூறு கிலோமீட்டர் பஸ் ஏறி வர முடியுமா என்பதையெல்லாம் கேட்டு முடிவு செய்கிற டாக்டர் நல்ல டாக்டர். பெரியப்பாவுக்கு ஃபைவ் எஃப்.யூ. தந்தார்கள்.

சொட்டு விடுவதிலேயே ஒரு முறை இருக்கிறது. எங்களுக்கு அதைச் சொல்லித் தந்த நர்ஸை மறக்க முடியாது. முதலில் கையைக் கழுவி கையுறை போட வேண்டும். இமையின் தோலிலும் கன்னத்திலும் வாசலைன் மெலிதாகத் தடவ வேண்டும். வழியும் மருந்து தோலைப் புண்ணாக்காது. கீழ் இமையை இழுத்து ஒரே ஒரு சொட்டு. விட்டவுடன் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய உள் மூலையை விரலால் ஐந்து நிமிடம் அழுத்திக்கொள்ள வேண்டும். கண்ணீர் மூக்குக்குள் இறங்கும் குழாயின் வாய் அங்கேதான் இருக்கிறது. அதை மூடினால் மருந்து தொண்டைக்குப் போகாது. வழிந்ததைத் துடைத்த பஞ்சைத் தனிப் பையில் போட வேண்டும். கர்ப்பிணிகள் அந்த பாட்டிலைத் தொடவே கூடாது. அப்போது ஆறு மாதக் கர்ப்பமாக இருந்த என் தங்கை, ஐந்து நிமிடம் பார்க்கக் கடிகாரத்தோடு வாசற்படியில் உட்கார்ந்திருப்பாள். முதல் சுற்றின் ஐந்தாம் நாள் பெரியப்பா கண் மிளகாய்ப் பொடி பட்டதுபோலச் சிவந்தது. நிறுத்திவிடலாம் என்று பெரியம்மா அழுதார். போன் செய்து கேட்டோம். செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு விடச் சொன்னார்கள், ஏழாம் நாளை முடிக்கச் சொன்னார்கள். ஓய்வு வாரங்களில் கண் தெளிந்தது. மூன்றாவது சுற்றுக்குப் பிறகு அந்த ஜவ்வரிசி ஓரம் சுருங்கியிருந்தது. ஐந்து சுற்று போனது. கட்டி மறைந்த பிறகும் ஒரு சுற்று சேர்த்து விடச் சொன்னார்கள், கண்ணுக்குத் தெரியாத மிச்சத்துக்காக.

இந்த மருந்துகளால் பத்தில் எட்டுக்கு மேற்பட்ட கட்டிகள் கரைந்துவிடுகின்றன. ஒன்று கேட்கவில்லை என்றால் அடுத்ததற்கு மாறலாம். எதற்கும் அசையவில்லை என்றாலோ, கட்டி தடித்து அடியில் ஒட்டியிருந்தாலோ, கத்திதான். பெரிய கட்டியை முதலில் மருந்தால் சுருக்கிவிட்டு மிச்சத்தை அறுப்பதும் உண்டு.

கத்தி எடுத்தால் எப்படி எடுக்க வேண்டும்

1997இல் அமெரிக்கக் கண் புற்றுநோய் மருத்துவர்களான ஷீல்ட்ஸ் தம்பதியர் தெளிவாக எழுதிவைத்த முறைக்குத் தொடாத முறை என்று பெயர். கட்டியை எந்தக் கருவியும் தொடக் கூடாது. சுற்றிலும் சுமார் 4 மில்லிமீட்டர் நல்ல சவ்வையும் சேர்த்து, ஒரே துண்டாக எடுக்க வேண்டும். கருவிழி மேல் ஏறிய பகுதியை ஆல்கஹால் ஒற்றித் தளர்த்தி உருட்டி எடுப்பார்கள். கண்ணில் நீர் ஊற்றாமல் உலர்வாகவே செய்வார்கள், செல் மிதந்து ஓடாமல் இருக்க. அப்புறம், வெட்டிய ஓரங்களை உறையவைக்கும் கருவியால் உறையவிட்டு, மெல்ல உருகவிட்டு, மறுபடி உறையவிடுவார்கள். இரண்டு முறை உறைந்து உருகும்போது செல்லுக்குள் பனித்துகள் குத்தி, மிஞ்சிய செல்களும் சாகும். காயத்தை மூடப் புதுக் கருவிகள் எடுத்துக்கொள்வார்கள். பெரிய காயமாக இருந்தால், பிரசவத்தில் தானமாகப் பெற்ற பனிக்குடச் சவ்வை வைத்து ஒட்டுவார்கள்.

எடுத்த துண்டை, திசு கெடாமல் வைக்கும் ஃபார்மலின் திரவத்தில் உடனே போட்டால் அது சுருண்டுவிடும். எது மேல், எது கீழ் என்று தெரியாது. அதனால் ஒரு காகிதத்தில் விரித்து, எந்தப் பக்கம் மூக்கு, எந்தப் பக்கம் காது என்று குறித்து, அப்புறம்தான் பாட்டிலில் போடுவார்கள். இந்தச் சின்ன வேலையைச் செய்தால்தான் பேத்தாலஜிஸ்ட் எந்த ஓரத்தில் மிச்சம் இருக்கிறது என்று சொல்ல முடியும்.

ஒவ்வொரு முறை அறுக்கும்போதும் லிம்பஸில் ஒரு பகுதி போகிறது. வட்டத்தில் பாதிக்கு மேல் போனால் நாற்றங்கால் வற்றிவிடும். விழிவெண்படலமும் ரத்தக் குழாய்களும் கருவிழி மேல் ஏறிப் பார்வையை மறைக்கும். திரும்ப வந்த கட்டியை மறுபடி மறுபடி அறுப்பதைத் தவிர்க்கச் சொல்வதன் பெரிய காரணம் இது. அப்படி ஆகிவிட்டவர்களுக்கும் வழி உண்டு: நல்ல கண்ணின் லிம்பஸிலிருந்து அரிசி மணி அளவு துணுக்கை எடுத்து, நறுக்கிப் பரப்பி வளரவிடும் ஸ்லெட் என்ற முறையை ஐதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனை மருத்துவர்கள் 2012இல் வெளியிட்டார்கள். இன்று பல நாடுகளில் செய்கிறார்கள். ஆனால் கட்டி திரும்பவில்லை என்று உறுதியாகும் வரை பொறுத்துத்தான் செய்வார்கள்.

கட்டி வெள்ளைவிழியின் சுவருக்குள் இறங்கியிருந்தால் கதிர்வீச்சு. நம் ஊரில் கரண்ட் வைப்பது என்பார்கள். இங்கே பெரிய மெஷின் இல்லை. சட்டைப் பொத்தான் அளவு வளைந்த தகட்டைக் கட்டி இருந்த இடத்தில் வைத்துத் தைத்து, கணக்கிட்ட நேரம் கழித்து எடுத்துவிடுவார்கள். அதில் பூசியிருக்கும் ரூத்தேனியம் 106 என்ற உலோகத்தின் கதிர் சில மில்லிமீட்டர் ஆழம்தான் போகும், கண்ணின் மற்றப் பாகம் தப்பிக்கும். வெளிநாட்டிலிருந்தே வந்துகொண்டிருந்த இந்தத் தகட்டை, அணு உலைக் கழிவிலிருந்து ரூத்தேனியத்தைப் பிரித்து, மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையம் இங்கேயே செய்து தருகிறது. கட்டி கண்ணுக்குள்ளோ கண்குழிக்குள்ளோ புகுந்துவிட்டால் கண்ணையே எடுக்க நேரும். அது கடைசி வழி. பெரும்பாலானவர்களுக்கு அதுவரை போவதில்லை.

கண் மேற்பரப்பில் வரும் மற்றக் கட்டிகள் வேறு விதம். குழந்தைகளுக்கு வரும் பாப்பிலோமா புற்று இல்லை, ஆனால் அறுத்தால் பல இடங்களில் முளைக்கலாம்; இன்டர்ஃபெரான் அதற்கும் கேட்கும். இளஞ்சிவப்புத் திட்டாக வரும் லிம்போமாவுக்குக் குறைந்த அளவுக் கதிர்வீச்சு. கறுப்புத் திட்டிலிருந்து கிளம்பும் மெலனோமாதான் மிக ஆபத்தானது, உடம்புக்குள் பரவக்கூடியது. அதற்குச் சொட்டு மருந்தை மட்டும் நம்ப முடியாது.

அதற்குப் பிறகு

திரும்ப வருவது பெரும்பாலும் முதல் இரண்டு வருடத்துக்குள். அதனால் ஆரம்பத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அப்புறம் ஆறு மாதம், அப்புறம் வருடம் ஒருமுறை என்று ஆயுள் முழுக்கக் காட்ட வேண்டும். பல வருடம் கழித்து வந்த கதைகளும் உண்டு. இடையில் கண் சிவந்தால் மருந்துக்கடையில் கேட்டுச் சொட்டு வாங்கி விடாதீர்கள். அவற்றில் பல ஸ்டீராய்டு. சிவப்பை மட்டும் அடக்கி, அடியில் வளர்வதை மறைத்துவிடும். வெளியே போகும்போது அகல விளிம்புத் தொப்பியும், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடியும் வேண்டும். பெரியப்பா கண்ணாடி போட மறுத்தார், தொப்பிக்கு ஒத்துக்கொண்டார்.

வேறு டாக்டரிடம் போனால் பழைய பேத்தாலஜி ரிப்போர்ட்டின் நகல், அதில் மார்ஜின் பற்றி எழுதிய வரி, எந்தச் சொட்டு எத்தனை சுற்று விட்டது என்ற குறிப்பு, கண்ணின் பழைய போட்டோக்கள் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். மெழுகில் பதித்த திசுக் கட்டையையும் ஸ்லைடையும் பரிசோதனைக்கூடத்தில் கேட்டு வாங்கலாம். வேறு பேத்தாலஜிஸ்ட் மறுபடி பார்க்க உதவும். ரிப்போர்ட்டே இல்லையென்றால், எங்களைப் போல, அதையும் முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள்.

பெரியப்பாவின் ரிப்போர்ட்டுகள் மஞ்சப்பையில், சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகின்றன. சொட்டு நிறுத்தியதிலிருந்து கட்டி திரும்பவில்லை. அடுத்த தேதியைப் பெரியம்மா காலண்டரில் சிவப்பு மையில் வட்டம் போட்டு வைத்திருக்கிறார்.